கட்டற்ற மென்பொருள்: அதை ‘இலவசம்’ என்று சொல்லாதீர்கள்

போன மாதம் ஒரு பள்ளி வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள்: ‘இலவச மென்பொருள் பயிற்சி முகாம்’. நடத்தியவர்கள் நல்லவர்கள். லினக்ஸ் இயங்குதளம், ஆவணம் எழுதும் லிப்ரே ஆபீஸ், படம் திருத்தும் கிம்ப் எல்லாவற்றையும் பிள்ளைகளுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். வாசலில் நின்ற ஒரு அப்பா, “முகாம் இலவசமா, மென்பொருள் இலவசமா?” என்று கேட்டார். “ரெண்டுமே இலவசம் சார்” என்று பதில் வந்தது. அவர் தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பதில் இன்னும் என்னை உறுத்துகிறது.

அந்த மென்பொருள்களை ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ சாஃப்ட்வேர்’ என்பார்கள். அதைத்தான் ‘இலவச மென்பொருள்’ என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். ஆங்கிலத்தின் ‘ஃப்ரீ’ பழைய ஜெர்மானியச் சொல். அன்புக்குரிய, அடிமையல்லாத என்பதுதான் அதன் ஆதிப்பொருள். வடமொழியின் ‘பிரிய’கூட அதே குடும்பம்தான். காசில்லாமல் கிடைப்பது என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. 1983-இல், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனு திட்டத்தை அறிவித்த நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் எடுத்துக்கொண்டது முதல் பொருளை. அதற்கு முன்பு, அவர் வேலை பார்த்த அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்துக்கு ஒரு லேசர் அச்சுப்பொறி வந்தது. பழைய பொறியில் காகிதம் சிக்கினால் எல்லாருக்கும் தகவல் போகும்படி அவர்கள் நிரலைத் திருத்தி வைத்திருந்தார்கள். புதுப் பொறிக்கு அதைச் செய்ய மூல நிரல், அதாவது மனிதர் படித்துத் திருத்தக்கூடிய வடிவம், கிடைக்கவில்லை, கேட்டும் கொடுக்கவில்லை. பொறியின் விலை பற்றி அங்கே யாரும் பேசவே இல்லை. எதற்கு வேண்டுமானாலும் இயக்கலாம், உள்ளே பார்த்து மாற்றலாம், நகலெடுத்துக் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம் என்று அவர் வகுத்த நான்கு உரிமைகளிலும் விலை என்ற பேச்சே கிடையாது. குனு ஈமாக்ஸ் என்ற உரைத்தொகுப்பி நிரலை நாடாவில் பதிந்து 150 டாலருக்கு அவரே விற்றிருக்கிறார்.

சரி, இதை ‘இலவச மென்பொருள்’ என்றால் என்ன கெட்டுப்போகிறது? நிறைய.

தமிழில் இலவசம் என்ற சொல்லுக்கு ஒரு மணம் உண்டு. வார இதழோடு ஷாம்பு பாக்கெட் ஒட்டி வருவது இலவச இணைப்பு. ஒன்று வாங்கினால் இன்னொன்று இலவசம் என்றால், அந்த இன்னொன்று கடைக்காரருக்குத் தேங்கிப்போன சரக்கு என்று நமக்குத் தெரியும். கொடுப்பவர் கை மேலே, வாங்குபவர் கை கீழே. கிடைத்ததை வைத்துக்கொள்ள வேண்டும், குறை சொல்லக் கூடாது. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுத்தபோது அதை ‘விலையில்லா மடிக்கணினி’ என்றுதான் அழைத்தது. இலவசம் என்றால் வாங்குகிற பிள்ளைக்கு ஒரு கூச்சம் வரும் என்று அரசுக்கே தெரிந்திருக்கிறது. நம் ஆர்வலர்களுக்குத் தெரியவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

அடுத்த சிக்கல் இதைவிடப் பெரியது. எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் டிடிபி கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவர் கையால்தான். இருபது வருடமாகப் பக்கம் வடிவமைக்க பேஜ்மேக்கர் மென்பொருள்தான். சில வருடங்களுக்கு முன்பு அவரிடம் போய், “எல்லாமே இலவசம் அக்கா, லினக்ஸுக்கு மாறிடுங்க” என்றேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “இப்ப இருக்கறதுக்கும் நான் காசு கொடுக்கலையே தம்பி” என்றார்.

இதற்கு மேல் யார் என்ன விளக்க முடியும்? திருட்டு நகல் தெருவுக்குத் தெரு கிடைக்கும் ஊரில், விலை இல்லை என்பது ஒரு தகுதியே அல்ல. அந்தச் சொல்லை வைத்துப் பேசத் தொடங்கிய நிமிடமே நம்மிடம் கொடுக்க ஒன்றும் இல்லை என்று ஆகிவிடுகிறது. பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் திறக்காது, அச்சகத்தில் வேறு வடிவம் கேட்பார்கள் என்று மாறுவதற்கு உண்மையான தடைகள் அவருக்கு ஏற்கெனவே இருக்கின்றன. அதன் மேல் நாமே ஒரு சொல்லைக் கொண்டுபோய்க் குறுக்கே போட வேண்டுமா?

அலுவலகங்களிலும் இதே கதைதான். இலவசம் என்றால் பழுது பார்க்க யார் வருவார்கள், பொறுப்பேற்றுக் கையெழுத்து யார் போடுவார்கள் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கட்டற்ற மென்பொருளுக்குக் கூலி வாங்கிக்கொண்டு பராமரிப்புச் செய்யலாம், செய்கிறார்கள். அந்தத் தொழில் செய்யும் ரெட் ஹாட் நிறுவனத்தை 2019-இல் ஐபிஎம் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. மறுபக்கம், அடோபி ரீடரும் வாட்ஸப்பும் காசில்லாமல் கிடைக்கின்றன. அவற்றின் உள்ளே ஒரு வரியைக்கூட நாம் தொட முடியாது. அவைதான் இலவச மென்பொருள். சொல் அவற்றுக்கே பொருந்துகிறது, அவற்றுக்கே இருக்கட்டும்.

இலவசம் வேண்டாம் என்றால் வேறு எந்தச் சொல்? ‘திறமூலம்’ என்பது வேறு சொல்லுக்கான தமிழ். ‘ஓப்பன் சோர்ஸ்’ 1998-இல் பிறந்தது. ‘ஃப்ரீ’ என்றால் நிறுவனங்கள் மிரள்கின்றன என்று ஆங்கிலக்காரர்களே கண்டுபிடித்த மாற்று அது. மூலம் திறந்திருக்கிறது என்று சொல்லும். அதை வைத்து நான் என்ன செய்யலாம் என்று சொல்லாது. ‘சுதந்திர மென்பொருள்’ பொருளில் சரியானது. மலையாளத்தில் ‘ஸ்வதந்த்ர’ என்றே வைத்துக்கொண்டு கேரளப் பள்ளிகள் வரைக்கும் கொண்டுபோய்விட்டார்கள். வடசொல் என்பதற்காக நான் அதைத் தள்ளமாட்டேன். ஆனால் நம் காதில் அது கொடியேற்றத்தையும் மிட்டாயையும்தான் நினைவூட்டுகிறது. ‘தளையறு’ அழகான சொல்தான், ஆனால் யாப்பு படித்தவருக்கு வெண்டளை நினைவுக்கு வரும், படிக்காதவருக்கு ஒன்றுமே வராது.

‘கட்டற்ற’ என்பதில் அந்தத் தொல்லை இல்லை. கட்டு என்றால் என்னவென்று மாட்டை அவிழ்த்துவிடும் பையனுக்கும் தெரியும். தமிழ் விக்கிப்பீடியா தன்னைக் ‘கட்டற்ற கலைக்களஞ்சியம்’ என்று பல வருடமாகச் சொல்லி வருகிறது. இந்த மென்பொருள்களைப் பற்றித் தமிழில் எழுதும் கணியம் மின்னிதழும் இந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டிருக்கிறது. கட்டுப்பாடில்லாத, ஒழுங்கற்ற என்ற சாயல் வருகிறதே என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். ‘பற்றற்றான்’ என்று வள்ளுவர் சொன்னதில் யாரும் குறையைக் காணவில்லையே. ‘அற்ற’ இழப்பை மட்டும் சொல்வதில்லை, விடுபட்டதையும் சொல்லும்.

மொழிபெயர்ப்பவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முந்தைய தலைமுறை ‘ஃப்ரீ டிரேட்’ என்பதைத் ‘தடையற்ற வணிகம்’ என்று எழுதியது. யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். இன்று அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். சர்க்கரை சேர்க்காத பிஸ்கட்டின் அட்டையில் ‘சர்க்கரை இலவசம்’ என்று அச்சிட்டிருந்ததை நானே பார்த்தேன். சர்க்கரை நோயாளி அதை எப்படிப் படிப்பார்? இயந்திரம் செய்தது என்று சொல்லித் தப்ப முடியாது. அச்சுக்குப் போகுமுன் ஒரு மனிதர் பார்த்திருக்க வேண்டும்.

டிடிபி அக்காவிடம் இரண்டாவது முறை போனபோது இலவசம் என்ற சொல்லையே எடுக்கவில்லை. என் மடிக்கணினியில் அவருக்குப் பழகிய தட்டச்சு விசைமுறையை வைத்துக் கொடுத்தேன். பத்து வரி அடித்துப் பார்த்தார். “பத்திரிகைக்கு ஸ்ரீ அடிக்கடி வேணும். ஒரே விசையில வைக்க முடியுமா?” என்றார். அந்த விசைமுறை ஒரு சாதாரண உரைக்கோப்பு. அவர் கண் முன்னாலேயே திறந்து, ஒரு வரி சேர்த்து, சேமித்தேன். அவரே அழுத்திப் பார்த்தார். ஸ்ரீ வந்தது. அப்புறம் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து நீட்டி, “இதை என் தங்கச்சி கடைக்கும் போட்டுக் கொடுக்கலாம்தானே? யாரும் கேக்க மாட்டாங்களே?” என்றார்.

“தாராளமாப் போடுங்க அக்கா. கட்டு எதுவும் கிடையாது” என்றேன்.