சீனியாரிட்டி வேறு, முன்னுரிமை வேறு

இரண்டு விமான நிறுவனங்கள் ஒன்றாகப் போகின்றன என்று செய்தி வந்தால், விமானிகள் கவலைப்படுகிறார்கள் என்ற செய்தியும் பின்னாலேயே வந்துவிடும். அந்தக் கவலையைத் தமிழில் சொல்லும்போது நம் சிங்கப்பூரில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது: “இணைப்புக்குப் பிறகு தங்கள் முன்னுரிமை பறிபோகும் என்று விமானிகள் அஞ்சுகின்றனர்.” போன வாரமும் கேட்டேன். கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது.

எதில் முன்னுரிமை? யார் கொடுத்த முன்னுரிமை? விமானிகள் ஏதோ சலுகை அனுபவித்து வந்தார்கள், அது போகிறதே என்று புலம்புகிறார்கள் என்றுதான் கேட்பவருக்குத் தோன்றும். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் இருந்த சொல் சீனியாரிட்டி. அதற்குத் தமிழில் பணிமூப்பு என்ற சொல் இருக்கிறது. புதிதாக யாரும் ஆக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் பதவி உயர்வு என்ற பேச்சு வந்தாலே பணிமூப்புப் பட்டியலும் கூடவே வரும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்குப் பதிவு மூப்பு என்ற சொல்லும் பழக்கம்.

சொல் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் செனெக்ஸ் என்றால் முதியவர். அதன் ஒப்பீட்டு வடிவமான சீனியர் என்றால் மூத்தவர். செனட் என்பதும் அதே வேரில் வந்ததுதான். நாம் ஆசிரியரையும் அதிகாரியையும் கூப்பிடும் ‘சார்’கூட அந்தச் சீனியர் பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து ஆங்கிலத்துக்கு வந்த வடிவமே. தமிழில் மூ என்ற வினையிலிருந்து மூத்தான், மூத்தோர், மூப்பு, மூப்பர் எல்லாம் வருகின்றன. தேவாலயங்களில் மூப்பர் என்றால் வயதானவர் என்று மட்டும் பொருள் இல்லை, சபைப் பொறுப்பில் இருப்பவர். இரண்டு மொழியிலும் வேர் வயதில் இருக்கிறது, பொருள் அதைத் தாண்டி வளர்ந்திருக்கிறது. பணி என்ற சொல்லை முன்னால் சேர்த்துவிட்டால், வயதில் அல்ல, வேலையில் மூத்த நிலை என்பது தெளிவாகிவிடும்.

விமானிகள் உலகில் இந்தச் சொல்லுக்கு இருக்கும் கனம் வேறு வேலைகளில் அவ்வளவு இல்லை. நிறுவனத்தில் சேர்ந்த நாளை வைத்து விமானிக்குப் பட்டியலில் ஓர் இடம் கிடைக்கிறது. துணை விமானி எப்போது கேப்டன் ஆவார், சிறிய விமானத்திலிருந்து பெரிய விமானத்துக்கு எப்போது மாறுவார், விடுப்பு யாருக்கு முதலில், ஆட்குறைப்பு வந்தால் யார் முதலில் வெளியே போவார் என்பதெல்லாம் பல நிறுவனங்களில் அந்த இடத்தைப் பொறுத்ததுதான். வேறு நிறுவனத்துக்குப் போனால் அதைக் கூடவே எடுத்துக்கொண்டு போக முடியாது. 50 வயதில், ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த அனுபவத்தோடு இன்று ஒருவர் புதிய நிறுவனத்தில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பணிமூப்பு முறையைக் கறாராகப் பின்பற்றும் இடத்தில், நேற்றுச் சேர்ந்த 28 வயதுக்காரர் பட்டியலில் அவருக்கு மேலேதான் இருப்பார்.

வெளியே இருப்பவர்களுக்கு இது அநியாயமாகப் படலாம். விமானிகள் சங்கங்கள் இதை விடாப்பிடியாகக் காத்து வருவதற்குக் காரணம் இருக்கிறது. மோசமான வானிலையில் பறக்க மாட்டேன் என்று சொல்லும் துணிவு விமானிக்கு வேண்டும். பதவி உயர்வு மேலாளரின் பிரியத்தைப் பொறுத்தது என்று ஆகிவிட்டால் அந்தத் துணிவு குறையும். சேர்ந்த தேதியை யாரும் திருத்தி எழுத முடியாது.

இப்போது ‘முன்னுரிமை’க்கு வருவோம். அது நல்ல தமிழ்ச்சொல், அதில் சந்தேகமே இல்லை. முதன்முறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்குவோருக்கு முன்னுரிமை, கர்ப்பிணிகளுக்கு முன்னுரிமை என்று எழுதினால் அச்சாகப் பொருந்தும். அங்கெல்லாம் கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார், கொடுப்பதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. காரணம் மாறினால் கொடுத்தவரே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பணிமூப்பு அப்படிப்பட்டதல்ல. உணவங்காடியில் முதலில் வந்து நின்றவர் வரிசையில் முதலில் இருக்கிறார் என்றால் அது அவர் நின்ற நேரத்துக்குக் கிடைத்த இடம். பின்னால் வந்த முதியவரை “நீங்க முன்னால போங்க” என்று அனுப்புகிறோமே, அதுதான் முன்னுரிமை. முதலாவதைச் சொல்ல வேண்டிய இடத்தில் இரண்டாவதைப் போட்டால், 15 ஆண்டு உழைத்துச் சேர்த்த ஒன்றைச் சலுகை என்று சொல்வதாகிவிடும். நிர்வாகத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் நடக்கும் வாதத்தில், மொழிபெயர்ப்பாளர் தனக்கே தெரியாமல் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்.

இதைச் சொன்னால் உடனே மறுப்பு வரும். சிங்கப்பூரில் மூப்பு என்றாலே முதுமைதான் நினைவுக்கு வரும், மூப்படையும் சமூகம் என்று நாளும் எழுதுகிறோம், மூத்தோர் என்றால் தாத்தா பாட்டிமார்கள், அதனால் பணிமூப்பு என்று எழுதினால் வேலைக்குப் போய்ப் போய்க் கிழவனாகிவிட்டான் என்று வாசகர் நினைப்பார் என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் நிற்காது. நாம் மூத்த அமைச்சர் என்று எழுதும்போது அது பதவி என்று வாசகருக்குத் தெரிகிறது. சொல் நிற்கும் இடத்தை வைத்து அவர் பொருளைப் பிடித்துக்கொள்கிறார். மதியுரை அமைச்சர் (மினிஸ்டர் மென்டார்) என்ற சொல்லை இந்த ஊர் முதன்முதலில் கேட்டபோது அதுவும் புதியதுதான், அடுத்த மாதமே எல்லாருக்கும் பழகிவிட்டது. வாசகருக்குப் புரியாது என்ற சாக்கை, வாசகரை நம்பாதவர்கள்தான் சொல்கிறார்கள்.

‘மூத்த விமானிகளின் கவலை’ என்று எழுதுபவர்களும் உண்டு. இது இன்னும் மோசம், ஏனென்றால் இதில் தகவலே தவறாகிவிடுகிறது. ஒன்றிணைப்பில் அதிகம் தவிப்பவர்கள் பெரும்பாலும் பட்டியலின் நடுவிலும் கீழேயும் இருப்பவர்கள். ஆறு மாதத்தில் கேப்டன் ஆகவிருந்த துணை விமானிக்கு மேலே, மறுநிறுவனத்திலிருந்து 200 பேர் வந்து உட்கார்ந்தால் அவர் கதி என்ன? அவர் மூத்த விமானி இல்லை. அவருடைய பிரச்சினைதான் செய்தியே. முதுநிலை என்ற சொல்லையும் இங்கே இழுக்க வேண்டாம். முதுநிலைப் பட்டம், முதுநிலை மேலாளர் என்று அதற்கு வேறு வேலை இருக்கிறது. அது படிநிலையைக் குறிக்கிறது, காத்திருந்த ஆண்டுகளை அல்ல.

சொல் சரியாக இருந்தால் செய்தியே எப்படித் தெளிகிறது என்பதற்கு அமெரிக்காவைப் பாருங்கள். 2001இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் டிடபிள்யூஏ நிறுவனத்தை வாங்கியபோது, டிடபிள்யூஏ விமானிகளில் பெரும்பாலோரைப் பட்டியலின் அடியில் சேர்த்தார்கள். இதை விமானிகள் ‘ஸ்டேப்பிள்’ செய்வது என்பார்கள். ஒரு பட்டியலின் வாலில் இன்னொன்றைக் குத்திவிடுவது என்று பொருள். அடுத்து வந்த ஆட்குறைப்பில் அவர்களில் பலர் வேலை இழந்தார்கள். இரு தரப்புப் பட்டியலையும் நியாயமாகச் சேர்க்க வேண்டும் என்று 2007இல் அங்கே சட்டமே வந்தது. யுஎஸ் ஏர்வேஸ் கதை இன்னும் சிக்கலானது. 2005இல் அது அமெரிக்கா வெஸ்ட் நிறுவனத்தோடு ஒன்றானது. யுஎஸ் ஏர்வேஸில் நீண்டகாலம் பணியாற்றிய பலர், நிறுவனம் நொடித்ததால் வேலையின்றி வீட்டில் இருந்தார்கள். அமெரிக்கா வெஸ்ட் விமானிகள் பலரோ சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியும் வேலையில் இருந்தார்கள். சேர்ந்த தேதிப்படி அடுக்கினால் அமெரிக்கா வெஸ்ட் விமானிகளுக்கு நட்டம், அப்போதைய நிலைமைப்படி அடுக்கினால் யுஎஸ் ஏர்வேஸ் விமானிகளுக்கு நட்டம். 2007இல் நடுவர் இரண்டாவது வழியை ஒட்டித் தீர்ப்புச் சொன்னார். யுஎஸ் ஏர்வேஸ் தரப்பு கொதித்துப்போய் 2008இல் தங்கள் சங்கத்தையே மாற்றிவிட்டது. ஒரே பெயரில் பறந்த நிறுவனத்துக்குள் இரண்டு பட்டியல்கள் ஆண்டுக்கணக்கில் தனித்தனியாகவே கிடந்தன. இந்தக் கதையில் பணிமூப்பு வரும் இடங்களில் முன்னுரிமை என்று போட்டு வாசித்துப் பாருங்கள். ஒன்றுமே புரியாது.

நமக்கு நெருக்கமானது விஸ்தாரா என்ற இந்திய விமான நிறுவனம். அதில் சிங்கப்பூர் ஏர்லைன்சுக்கு 49 விழுக்காடு இருந்தது, மீதி டாடா குழுமத்துடையது. 2024 நவம்பர் 12ஆம் தேதி அது ஏர் இந்தியாவுடன் ஒன்றானது. இப்போது ஏர் இந்தியாவில் சிங்கப்பூர் ஏர்லைன்சின் பங்கு 25.1 விழுக்காடு. ஒன்றாவதற்குச் சில மாதங்கள் முன்பு, விஸ்தாரா விமானிகளுக்கான புதிய ஒப்பந்தத்தில் உறுதியளிக்கப்பட்ட பறக்கும் நேரம் மாதத்துக்கு 70 மணியிலிருந்து 40 மணியாகக் குறைக்கப்பட்டது. ஏப்ரல் தொடக்கத்தில் பல விமானிகள் உடம்பு சரியில்லை என்று விடுப்பெடுத்தார்கள். நிறுவனம் நாளொன்றுக்கு 25 முதல் 30 பயணங்களை, அதாவது சுமார் 10 விழுக்காட்டை, குறைக்க வேண்டியதாயிற்று. அங்கே முதல் சண்டை சம்பளத்துக்கு. ஆனால் ஏர் இந்தியாவின் பழைய கதை தெரிந்தவர்களுக்குப் பணிமூப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். 2007இல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்சும் ஒன்றாயின. ஐந்து ஆண்டு கழித்து, 2012இல், புதிய போயிங் 787 விமானத்தில் பயிற்சி யாருக்கு என்ற கேள்வியில் பழைய ஏர் இந்தியா தரப்பு விமானிகள் 58 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். காகிதத்தில் ஒன்றான நிறுவனத்தில் யார் யாருக்கு மூத்தவர் என்பது அப்போதும் தீரவில்லை.

‘இணைப்பு’ பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். விமானச் செய்தியில் இணைப்பு என்று மொட்டையாக எழுதினால் அது இணைப்பு விமானமா, இணையத் தொடுப்பா, கடிதத்தோடு வரும் இணைப்பா? சாங்கி விமான நிலையத்தில் இறங்கி அடுத்த விமானத்துக்கு ஓடுபவருக்கு இணைப்பு என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நிறுவனங்கள் ஒன்றாவதை ஒன்றிணைப்பு என்று எழுதினால் குழப்பம் தீரும். ஒன்று மற்றதை வாங்கி விழுங்குவதாக இருந்தால் கையகப்படுத்துதல் என்று எழுதலாம். இரண்டுக்கும் இணைப்பு என்று எழுதுவது சோம்பல்.

நான் தூய்மைக்காக மட்டும் மல்லுக்கட்டவில்லை. சீனியாரிட்டி என்றே தமிழ் எழுத்தில் எழுதியிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. பேருந்து ஓட்டுநர் முதல் தாதியர் வரை அந்தச் சொல் எல்லாருக்கும் புரியும். தவறான தமிழ்ச்சொல்லைவிடப் புரிகிற கடன்சொல் மேல். சரியான தமிழ்ச்சொல் கையில் இருக்கும்போது அதை விட்டுவிட்டுத் தவறானதைப் பிடித்துக்கொள்வதைத்தான் ஏற்க முடியவில்லை. நம் ஊர்த் தமிழ்ச் செய்தியில் பெரும்பகுதி ஆங்கில அறிக்கையிலிருந்து வருகிறது. நேரம் குறைவு என்பதும் தெரியும். ஆனால் அகராதியில் முதலில் கண்ணில் பட்ட சொல்லை எடுத்து வைப்பதற்கு முன், அந்தப் பட்டியல் அந்த மனிதருக்கு என்ன செய்கிறது என்று ஒரு நிமிடம் கேட்டிருந்தால் முன்னுரிமை என்ற சொல் பேனாவுக்கே வந்திருக்காது. இப்போது இயந்திர மொழிபெயர்ப்பு வேறு வந்துவிட்டது. அது யாரிடமும் எதையும் கேட்காது, நாம்தான் கேட்க வேண்டும்.

எழுதுபவர்களுக்குச் சில குறிப்புகள். பணிமூப்பு என்று சேர்த்தே எழுதுங்கள். பட்டியலோடு சேரும்போது பணிமூப்புப் பட்டியல் என்று ஒற்று மிகும், எண்ணோடு வரும்போது பணிமூப்பு எண். ஒருவர் மற்றவருக்கு முந்தியவர் என்று சொல்ல “பணிமூப்பில் அவர் எனக்கு மேலே” என்றாலே போதும். முதலில் சொன்ன வாக்கியத்தை “நிறுவனங்கள் ஒன்றானால் தங்கள் பணிமூப்பு அடிபடும் என்று விமானிகள் அஞ்சுகின்றனர்” என்று எழுதலாம். செய்தி நீளமாக இருந்தால் முதல் முறை மட்டும் “சேர்ந்த நாளை வைத்துக் கணக்கிடும் பணிமூப்பு” என்று விரித்துவிட்டு, அப்புறம் தனியாகப் பயன்படுத்துங்கள்.