சமையல் வகுப்புக்கு முன்பதிவு செய்யும்போதே ஒவ்வாமையைச் சொல்லிவிடுங்கள்

கொச்சிக் கோட்டைப் பகுதியிலும், உதய்ப்பூரின் ஏரிக்கரைத் தெருக்களிலும், கொல்கத்தாவிலும், நம் காரைக்குடி, கானாடுகாத்தான் வீடுகளிலும் சுற்றுலா வருபவர்களுக்காகச் சிறு சமையல் வகுப்புகள் நடக்கின்றன. நாலு பேர், ஆறு பேர், மிஞ்சினால் எட்டுப் பேர். சில இடங்களில் காலையில் சந்தைக்குக் கூட்டிப்போய்க் காய்கறி வாங்குவார்கள். அப்புறம் வீட்டுக்கு வந்து தேங்காய் துருவி, மசாலா அரைத்து, சேர்ந்து சமைத்து, சேர்ந்தே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வெளிநாட்டினர் மட்டுமில்லை. லண்டனிலும் டொரன்டோவிலும் வளர்ந்த நம் பிள்ளைகளும், வட இந்தியாவிலிருந்து விடுமுறைக்கு வருபவர்களும் இப்போது இதை விரும்பிப் போகிறார்கள்.

ஒவ்வாமை நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர் என்ற முறையில் எனக்கு இந்த வகுப்புகள் மீது நல்ல அபிப்பிராயம் உண்டு. "டாக்டர், பையனுக்கு முந்திரி ஆகாது, ஊரெல்லாம் சுற்றப்போகிறோம், எங்கே சாப்பிடுவது?" என்று கேட்பவர்களிடம், ஹோட்டல் பஃபேயைவிட இப்படி ஒரு வீட்டுச் சமையல் வகுப்பே மேல் என்று சொல்வேன். ஹோட்டலில் குழம்பு மேசைக்கு வரும்போதுதான் பார்க்கிறோம். இங்கே சட்டி அடுப்பில் ஏறுவதற்கு முன்னாலிருந்து பார்க்கலாம். மசாலா பாக்கெட்டைக் கையில் வாங்கிப் படிக்கலாம். சமைப்பவரிடமே நேராகக் கேட்கலாம். பயணத்தில் இந்த வசதி வேறெங்கும் கிடைக்காது.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. உங்கள் ஒவ்வாமையை முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். பலர் வகுப்பு தொடங்கி, ஏப்ரன் கட்டிக்கொண்டு, அடுப்பு முன்னால் நின்றுகொண்டு சொல்கிறார்கள். அப்போது பாதிச் சமையல் முடிந்துவிட்டது. அரிசியும் உளுந்தும் முந்தின நாளே ஊறி, அரைபட்டு, வெந்தயம் சேர்ந்து புளித்திருக்கும். மசாலாப் பொடி போன வாரம் வறுத்தது. எண்ணெய் டின் மாதத் தொடக்கத்தில் வாங்கியது. நீங்கள் பார்ப்பது கடைசி இரண்டு மணி நேரம் மட்டுமே.

என்னிடம் வந்த ஒரு கல்லூரி மாணவியின் விஷயம் இது. பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கிலாந்து. சின்ன வயதிலிருந்தே நிலக்கடலை ஒவ்வாமை. செட்டிநாட்டுப் பக்கம் ஒரு வீட்டில் வகுப்புக்குப் போனபோது, "இதில் கடலை எதுவும் போடுவீர்களா?" என்று ஒழுங்காகக் கேட்டிருக்கிறார். அந்த வீட்டு ஆச்சியும் உண்மையாகவே "இல்லம்மா, கடலையே போடலை" என்று சொல்லியிருக்கிறார். வெள்ளைப் பணியாரம் பொரித்தெடுத்தது செக்கில் ஆட்டிய கடலெண்ணெயில். இரண்டாவது பணியாரம் சாப்பிட்டு முடிப்பதற்குள் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், தொண்டை இறுக்கம். கடும் ஒவ்வாமை வந்தால் தானே போட்டுக்கொள்ளும் அட்ரினலின் பேனா ஊசி கையில் இருந்ததால் உடனே போட்டு, பக்கத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பிழைத்துக்கொண்டார். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆச்சியின் கணக்கில் கடலை என்பது வறுத்துத் தின்பது, சட்னிக்கு அரைப்பது. எண்ணெய் தனிச் சாமான்.

கடலெண்ணெயில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆலையில் வெளுத்து, வாடை நீக்கி, நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயில் நிலக்கடலைப் புரதம் ஏறக்குறைய மிஞ்சாது. அதனால் ஒவ்வாமை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அது ஒன்றும் செய்வதில்லை. செக்கெண்ணெய் அப்படியில்லை. வடிகட்டுவதோடு சரி, புரதம் தங்கிவிடும். வெளிநாட்டில் சுத்திகரித்த கடலெண்ணெயில் சமைத்ததைச் சாப்பிட்டுப் பழகியவர் "எனக்கு எண்ணெய் பரவாயில்லை" என்ற நம்பிக்கையோடு இங்கே வருகிறார். இங்கேயோ மரச்செக்கு எண்ணெய்க்கு மவுசு கூடியிருக்கிறது. விருந்தாளிக்கு என்றால் நல்ல எண்ணெய்தான் ஊற்றுவார்கள். நல்ல எண்ணெய் என்றால் செக்கெண்ணெய். ஆக, வீட்டுக்காரர் காட்டும் பிரியமே இங்கே ஆபத்தாகிறது.

நிலக்கடலை பயறு இனம். அதே இனத்தைச் சேர்ந்த வெந்தயமும் கொண்டைக்கடலையும் பருப்பு வகைகளும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை, பயந்து எல்லாவற்றையும் விலக்க வேண்டாம். ஆனால் ஐரோப்பாவில் வளர்ந்த ஒருவர் வெந்தயத்தை அதிகம் சாப்பிட்டே இருக்கமாட்டார். இந்தியா வந்த முதல் வாரத்தில் தோசை மாவு, சாம்பார்ப் பொடி, ஊறுகாய், மேத்தி சப்பாத்தி என்று எல்லாவற்றிலும் அது வருகிறது. கடுமையான நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் கிளம்புவதற்கு முன்பே தங்கள் மருத்துவரிடம் இதைக் கேட்டுவிடுவது நல்லது.

அடுத்தது பெருங்காயம். கடையில் நாம் வாங்கும் பெருங்காயத்தில் பெரும்பாலானவை கூட்டுப் பெருங்காயம். பிசினோடு கோந்தும் மாவும் சேர்த்துச் செய்தது. அந்த மாவு பல பிராண்டுகளில் கோதுமை அல்லது மைதா, சிலவற்றில் அரிசி மாவு. தூளில் மட்டுமில்லை, கட்டியிலும் உண்டு. பாக்கெட்டைத் திருப்பிப் படித்தால் தெரியும். சாம்பாரும் ரசமும் அரிசிச் சோறும் என்றால் கோதுமைக்கு இடமே இல்லை என்றுதான் சீலியாக் நோயாளி, அதாவது கோதுமையிலுள்ள குளுட்டன் என்ற புரதத்தால் குடல் கெடும் நோய் உள்ளவர், நினைப்பார்.

இதில் பதற்றப்படாமல் அளவைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு சிட்டிகைப் பெருங்காயம் ஒரு பானை சாம்பாரில் ஆறு பேருக்குப் பிரிந்தால் ஒருவருக்குப் போகும் குளுட்டன் மிகக் குறைவு. சீலியாக் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் குடலுக்குக் கெடுதல் வருவதில்லை என்பதே மருத்துவர்கள் பொதுவாக வைக்கும் எல்லை. ஆனால் சாம்பார், ரசம், பொரியல், ஊறுகாய், மோர் என்று ஒரே வேளையில் ஐந்திலும் பெருங்காயம் இருந்தால் கணக்கு மாறிவிடும். கோதுமைக்கே உடனடி ஒவ்வாமை உள்ளவருக்கோ இந்த எல்லையெல்லாம் பொருந்தாது. அவருக்குச் சிட்டிகையும் வேண்டாம்.

பெருங்காயத்தைவிட எனக்குக் கவலை தருவது மாவு மில். வட இந்தியாவிலிருந்து வந்த ஒரு சீலியாக் நோயாளி கேரளம் முழுக்க இடியாப்பம், புட்டு, ஆப்பம் என்று நிம்மதியாகச் சாப்பிட்டு, சமையல் வகுப்பிலும் தானே இடியாப்பம் பிழிந்து சாப்பிட்டிருக்கிறார். சில நாளில் வயிறு உப்பி, பேதியாகி என்னிடம் வந்தார். வகுப்பு நடத்திய வீட்டுக்குப் போன் செய்து கேட்டால், அரிசி மாவு பக்கத்து மில்லில் அரைத்தது. அதே மில்லில் காலையிலிருந்து கோதுமை ஓடியிருக்கிறது. அரிசிதான், ஆனால் அதற்கு முன் அரைபட்ட கோதுமையின் மிச்சத்தோடு வந்த அரிசி. இந்திய விதிப்படி "குளுட்டன் இல்லாதது" என்று லேபிள் போட ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளுட்டன் இருக்கக்கூடாது. அப்படி லேபிள் உள்ள அரிசி மாவை நீங்களே ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு போவது உத்தமம். வட இந்தியாவில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு சீலியாக் இருக்கிறது. தெற்கே அது மிகக் குறைவு. அதனால் நம் பக்கத்துச் சமையற்காரர்களில் பலர் இப்படி ஒரு நோயாளியைப் பார்த்தே இருக்கமாட்டார்கள். விளக்கிச் சொல்லும் பொறுமை நமக்கு வேண்டும்.

பாத்திரங்களையும் கவனியுங்கள். அஞ்சறைப் பெட்டியில் பல வீடுகளில் ஒரே கரண்டிதான். அது கடுகிலிருந்து வெந்தயத்துக்கும், வெந்தயத்திலிருந்து சீரகத்துக்கும் போய்வரும். முந்திரி அரைத்த மிக்ஸி ஜாரை வெறும் தண்ணீர் விட்டு அலசிவிட்டு அதிலேயே தேங்காய் அரைப்பார்கள். சப்பாத்தி சுட்ட கல்லில் தோசை, பூரி பொரித்த எண்ணெயில் வடை. இதெல்லாம் நம் வீடுகளிலும் நடப்பதுதான், சுத்தக்குறைவு என்று யாரையும் சொல்லமாட்டேன். முன்கூட்டியே சொன்னால் உங்களுக்கு என்று தனி ஜாரும் புது எண்ணெயும் எடுத்துவைப்பார்கள். உங்கள் பங்கை முதலில் பொரித்துத் தரச் சொல்லலாம். ஆறு பேர் வகுப்பில் இது சிரமமே இல்லை.

லேபிளை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பாக்கெட்டில் கட்டாயம் காட்ட வேண்டிய ஒவ்வாமைப் பொருட்கள் 14. அதில் கடுகும் எள்ளும் உண்டு. இந்தியாவின் 2020 லேபிள் விதிகளில் உள்ள ஒவ்வாமைப் பட்டியலில் இவை இரண்டும் இல்லை. பொருட்பட்டியலில் கடுகு என்று வரலாம், ஆனால் தனியாக எச்சரிக்கை இருக்காது. கடுகு ஒவ்வாமை உள்ளவர் கொல்கத்தாவில் வகுப்பு எடுத்தால் எண்ணெயே கடுகெண்ணெய், மீனுக்கு அரைப்பது கடுகு, தொட்டுக்கொள்வது கடுகுச் சட்னி. அங்கே அதை விலக்கிச் சமைப்பது மிகக் கடினம். அவருக்கு நான் கேரளத்து வகுப்பையும் சொல்லமாட்டேன், தாளிப்பில் கடுகு இல்லாத நாள் இல்லை. ராஜஸ்தானில் சீரகம் மட்டும் தாளிக்கும் ஐட்டங்களைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் அங்கேயும் கடுகெண்ணெய் புழக்கம் உண்டு, எண்ணெயைக் கேட்டுவிடுங்கள். ஊருக்கு ஊர் இப்படி வேறுபடும் என்பதால், எந்த வகுப்பு என்பதையே ஒவ்வாமையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இறால் ஆகாதவர்கள் கேரளத்தில் சம்மந்தி என்ற துவையலையும் விசாரிக்க வேண்டும். உலர்ந்த இறாலை வறுத்து அரைப்பது அங்கே சகஜம்.

எப்படிக் கேட்பது? "ஒவ்வாமைப் பொருள் இருக்கிறதா?" என்று மொத்தமாகக் கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். "பால் சேர்ப்பீர்களா?" என்று கேட்டால் நெய்யும் தயிரும் அதில் சேராது. பொருள் பொருளாகக் கேளுங்கள். முன்பதிவின்போது அனுப்ப ஒரு மாதிரி: "எனக்கு முந்திரியும் பிஸ்தாவும் ஆகாது, சாப்பிட்டால் மூச்சு முட்டும். குருமா, பாயசம், இனிப்பு எதிலும் இவற்றை அரைத்தோ தாளித்தோ போட வேண்டாம். மசாலாப் பொடி வீட்டில் அரைத்ததா, கடையில் வாங்கியதா? எந்த எண்ணெயில் சமைப்பீர்கள்? எனக்குத் தனி மிக்ஸி ஜார் தர முடியுமா?" மூச்சு முட்டும் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். ஆகாது என்று மட்டும் சொன்னால், பிடிக்காது என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. "கொஞ்சமா சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது" என்ற வற்புறுத்தலும் அங்கிருந்துதான் வருகிறது. அனுப்பிய கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால் அந்த வகுப்பை விட்டுவிடுங்கள்.

பேனா ஊசி உள்ளவர்கள் அதை ஹோட்டல் அறையில் வைத்துவிட்டுப் போகக்கூடாது. வெயிலில் நிற்கும் காரிலும் வைக்காதீர்கள், இடுப்பில் கட்டும் பையில் இருக்கட்டும். இந்திய மருந்துக் கடைகளில் அந்தப் பேனா எளிதாகக் கிடைப்பதில்லை, மருத்துவமனைகளில் ஆம்பூலாக, அதாவது சிரிஞ்சில் எடுத்துப் போடும் கண்ணாடிக் குப்பியாகத்தான் இருக்கும். எனவே ஊரிலிருந்து கிளம்பும்போதே இரண்டாவது எடுத்துவாருங்கள். மூச்சுத் திணறலோ, தொண்டை இறுக்கமோ, மயக்கமோ வந்தால் முதலில் ஊசி, வெளித்தொடையின் நடுப்பகுதியில். அரிப்புக்குப் போடும் மாத்திரை மூச்சைக் காப்பாற்றாது. அதைப் போட்டுவிட்டுக் காத்திருப்பதில்தான் உயிர்கள் போகின்றன. படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சு வாங்கினால் சாய்ந்து உட்காரவிடுங்கள், நடக்கவிடாதீர்கள். 108 அல்லது 112. ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் இரண்டாவது ஊசி. தேறிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும், சில மணி நேரம் கழித்து மறுபடி வரக்கூடும்.

ஒவ்வாமை இல்லாதவர்களுக்கும் சில விஷயங்கள். தண்ணீரால் வயிறு கெடுமோ என்று கொதித்த குழம்பைப் பற்றிக் கவலை வேண்டாம். தேங்காய்ச் சட்னி, மோர், பச்சடி, வாழையிலையில் தெளிக்கும் தண்ணீர், இவைதான் அடுப்பைப் பார்க்காதவை. அவற்றுக்குக் கொதிக்கவைத்து ஆறிய நீரைக் கேளுங்கள். வரமிளகாய் கிள்ளும் வேலை உங்களுக்கு வந்தால், கான்டாக்ட் லென்ஸை அதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். எரியும் கையைத் தண்ணீரில் மட்டும் கழுவினால் எரிச்சல் போகாது. எண்ணெய் தடவித் தேய்த்து, பிறகு சோப்புப் போடுங்கள்.

இப்படி வகுப்பு நடத்தும் வீட்டுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். மசாலாவையும் பெருங்காயத்தையும் டப்பாவில் கொட்டியதும் பாக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். லேபிளை வெட்டி டப்பாவிலேயே ஒட்டிவிடுங்கள். எந்த எண்ணெய், எந்த மில் மாவு என்பதைக் கேட்காமலே சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், அந்தப் பதில் எங்கள் நோயாளிகளுக்கு மிகவும் உதவும்.

வகுப்பு முடிந்ததும் அன்பாகக் கையில் கொடுக்கும் மசாலாப் பொட்டலத்திலும் ஒரு எச்சரிக்கை. செட்டிநாட்டுக் குருமாப் பொடியில் கசகசா இருக்கலாம், வங்காளத்தில் அது அன்றாடச் சாமான். ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள், சிங்கப்பூரிலும் கட்டுப்பாடு உண்டு. துபாய் வழியாகவோ சிங்கப்பூர் வழியாகவோ திரும்புபவர்கள் பொட்டலத்தில் என்னென்ன அரைத்திருக்கிறது என்று கேட்டுவிட்டு, கசகசா இருந்தால் இங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டுப் போங்கள்.