மருந்துக்கு எதற்கு வேட்பாளர்?

மலேரியாவுக்கான புதிய மருந்தை மூலிகைகளில் தேடும் முயற்சிகளைப் பற்றிய சிறு நூல் ஒன்றின் தமிழ்ப் படி, மெய்ப்புப் பார்ப்பதற்காக என்னிடம் வந்தது. அதில் இப்படி ஒரு வரி இருந்தது: "இந்த வேட்பாளர்கள் முதலில் எலிகளுக்குச் செலுத்தப்பட்டனர்." பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். எலிகளுக்குச் செலுத்தப்பட்டவர்கள் எந்தத் தொகுதியில் நின்றார்கள் என்று ஓரத்தில் எழுதிவிட்டுப் பிறகு அழித்தேன். 'டிரக் கேண்டிடேட்' என்ற ஆங்கிலத் தொடரை அப்படியே பெயர்த்த 'மருந்து வேட்பாளர்' என்ற தொடரை இதற்கு முன்பும் செய்திகளிலும் கணினி மொழிபெயர்ப்புகளிலும் பலமுறை கண்டு பொறுத்துக்கொண்டிருக்கிறேன். இந்த முறை முடியவில்லை.

'கேண்டிடேட்' என்பதன் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லத்தீனில் 'காண்டிடுஸ்' என்றால் பளிச்சென்ற வெண்மை. பண்டைய ரோமில் பதவி நாடியவர்கள் சுண்ணப்பொடி தேய்த்து வெளுத்த மேலாடையோடு மக்களிடம் ஆதரவு கேட்டதால், வெள்ளுடை உடுத்தவர் என்ற பொருளில் 'காண்டிடாட்டுஸ்' எனப்பட்டனர். (வெள்ளை வேட்டிக்கு நாம் யாரிடமும் கடன்படவில்லை, அது வேறு வரலாறு.) ஆங்கிலத்துக்கு வந்தபின் அந்த ஆடை கழன்றுபோய், ஒன்றுக்குத் தேர்வாகக்கூடிய ஆள் அல்லது பொருள் என்ற கருத்து மட்டுமே எஞ்சியது. மருந்தியலார் ஆள்வது இந்த எஞ்சிய பொருளைத்தான்: பல பொருள்களைச் சோதித்துக் கழித்தபின், மருந்தாகும் வாய்ப்பு உண்டு என்று மேற்சோதனைக்கு எடுத்துவைக்கப்படும் ஒன்று.

இது எவ்வளவு நுட்பமான நிலை என்பதைச் சீனாவின் கதை ஒன்றே காட்டிவிடும். வியட்நாம் போரில் குளோரோகுயின் என்ற மருந்துக்கு அடங்காத மலேரியா படைவீரர்களை வீழ்த்தியபோது, 1967 மே 23 அன்று தொடங்கியதால் '523' என்றே பெயர்பெற்ற இரகசியத் திட்டத்தைச் சீன அரசு வகுத்தது. அதில் 1969இல் சேர்ந்த சீன மருந்தியலாளர் தூ யூயூவின் குழு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய மருந்துக் குறிப்புகளைத் திரட்டி, அவற்றிலிருந்து 640ஐப் பொறுக்கியது. ஏறத்தாழ 200 மூலிகைகளிலிருந்து 380க்கும் மேற்பட்ட சாறுகளை இறக்கி, மலேரியா ஏற்றிய எலிகளில் சோதித்தது. சிங்ஹாவ் என்ற செடியின் சாறு முதலில் நன்றாக வேலைசெய்தது; மறுமுறை செய்தபோது கைவிட்டது. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கே ஹோங்கின் மருத்துவ நூல் அந்தச் செடியைக் காய்ச்சச் சொல்லவில்லை, தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்கிறது என்பதைத் தூ கவனித்தார். சூடு மருந்தைக் கெடுக்கிறதோ என்று ஐயுற்று, குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதர் என்ற திரவத்தில் சாறு இறக்கினார். 1971 அக்டோபர் 4 அன்று 191ஆம் மாதிரி எலிகளின் இரத்தத்திலிருந்து ஒட்டுண்ணியை முற்றாக நீக்கியது. மறு ஆண்டு அதிலிருந்து பிரித்தெடுத்த படிகமே ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்து. 2015இல் அதற்காகத் தூவுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கதையில் செடி வேறு, சாறு வேறு, படிகம் வேறு. சாறு பயன் தருவது நல்ல அறிகுறி, அவ்வளவே. மருந்தாகக்கூடியது என்று விரல் வைத்துச் சொல்லும்படி அமைந்தது அந்தப் படிகம். மூன்றையும் 'வேட்பாளர்' என்று ஒரே கூடையில் போடும்போது, எது தேறியது, எது இன்னும் தேறவில்லை என்பது வாசகருக்குத் தெரியாமலே போகிறது. எத்தனை தொலைக்காட்சிப் பேச்சுகளில் 'மூலிகைச் சாறு ஆய்வகத்தில் கிருமியைக் கொன்றது' என்பது 'மருந்து கண்டுபிடிக்கப்பட்டது' என்று மாறியிருக்கிறது என்பதை நினைத்தால், இது வெறும் இலக்கணக்காரனின் முணுமுணுப்பு இல்லை என்பது விளங்கும்.

இனி 'வேட்பாளர்' ஏன் ஒவ்வாது என்பதைப் பார்ப்போம். வேள் என்பது விரும்புதல். வேட்கை, வேட்பு எல்லாம் அதன் வழி வந்தவை. வேட்பாளர் என்றால் விரும்பி முன்வருபவர். சேர்மம் எதையும் விரும்புவதில்லை. அதை ஆய்வாளர்தாம் விரும்புகிறார். அடுத்து, 'ஆளர்' என்ற ஈறு ஆளைக் குறிப்பது. அது வந்தவுடன் வினையும் பின்தொடர்ந்து 'செலுத்தப்பட்டனர்', 'கல்லீரலில் சிதைந்தனர்' என்று முடியும். மக்கள், தேவர், நரகர் என நன்னூல் உயர்திணைக்கு வகுத்த மூன்றில் ஒரு வேதிப் படிகம் எதில் சேரும் என்று மொழிபெயர்ப்பாளர் ஒரு நொடி எண்ணிப் பார்த்திருக்கலாம். ஆங்கிலத்தில் ஒரு சொல் நிற்கும் இடத்திலெல்லாம் தமிழிலும் ஒரே சொல் நிற்க வேண்டும் என்ற விதியும் எங்கும் இல்லை. தேர்தலில் நிற்பவரை வேட்பாளர் என்கிறோம், தேர்வு எழுதுபவரைத் தேர்வர் என்கிறோம், வேலைக்கு மனு கொடுத்தவரை விண்ணப்பதாரர் என்கிறோம். ஏற்கெனவே மூன்றாகப் பிரித்தாளத் தெரிந்த மொழிக்கு நான்காவது சொல் ஒரு சுமையா?

இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர், "சரி, ஆளரை விட்டுவிடுவோம், 'வேட்புப் பொருள்' என்று அஃறிணையாக்கிவிடலாமே" என்றார். தனித்தமிழ் அன்பர்களிடையே இத்தகைய ஒட்டுவேலைக்கு நல்ல வரவேற்பு உண்டு. தூய தமிழாக இருந்தால் போதும், பொருள் பிறகு வந்து சேரும் என்பது அவர்கள் நம்பிக்கை. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. வேட்புப் பொருள் என்றால் விரும்பப்படும் பொருள். அது கடையில் விற்கும் பட்டுப்புடவைக்கும் பொருந்தும். 'முன்னோடி மருந்து' என்பார்கள் சிலர். அது ஏற்கெனவே மருந்தாகி வழிகாட்டிய, பழைய மலேரியா மருந்தான கொயினாவுக்கல்லவா பொருந்தும்? 'உத்தேச மருந்து' என்பதை வடசொல் என்று ஒதுக்க மாட்டேன். தெளிவு இருந்தால் வடசொல்லும் எனக்கு உடன்பாடே. ஆனால் உத்தேசம் என்பது நம் பேச்சில் 'தோராயம்' ஆகிவிட்டதால், உத்தேச மருந்து என்றதும் அளவு பாராமல் கொடுக்கும் மருந்தே நினைவுக்கு வருகிறது.

நான் ஆள்வது 'மருந்தாகு சேர்மம்'. வினைத்தொகையில் காலம் மறைந்து நிற்பது இங்கே குறையன்று. ஆகுமா, எப்போது ஆகும் என்று தெரியாத ஒன்றுக்கு அதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை. சொல்லும் புதிதன்று. ஒப்புரவறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் 'மருந்தாகித் தப்பா மரத்தற்றால்' என்கிறார். தாவரம் ஒன்று மருந்தாவதை நாம் அன்றே இப்படித்தான் சொல்லியிருக்கிறோம். இதற்கு எதிர்மறையும் இலவசமாகக் கிடைக்கிறது: மருந்தாகாச் சேர்மம். சீனர்கள் மலேரியாவுக்கு நெடுங்காலமாகக் கொடுத்துவந்த சாங்ஷான் வேரிலிருந்து பிரித்தெடுத்த ஃபெப்ரிஃபியூஜின், ஒட்டுண்ணியைக் கொயினாவைவிட வலிமையாகத் தாக்கியது. ஆனால் உண்டவரைக் கடும் வாந்தியில் தள்ளியது. தோற்ற வேட்பாளர் என்று அதைச் சொன்னால் அடுத்த முறை நிற்பார் போலிருக்கிறது. மருந்தாகாச் சேர்மம் என்றால் செய்தி முடிந்தது. கலைச்சொல்லாக வேண்டாம், செய்தி நடையில் போதும் என்றால் 'மருந்தாகக்கூடிய பொருள்' என்று நான்கு பேர் பேசுவதுபோல் எழுதிவிட்டுப் போகலாம்.

அதே படியில் "மூலிகைகள் திரையிடப்பட்டன" என்றும் இருந்தது. சலித்தெடுப்பதைக் குறிக்க வந்த 'ஸ்கிரீனிங்' என்ற சொல்லுக்குத் திரைப்படக் கொட்டகைத் தமிழ். இன்னொரு பக்கத்தில், வழிகாட்டும் சேர்மம் என்று வரவேண்டிய இடத்தில் 'ஈயச் சேர்மம்' என்று வந்திருந்தது. ஆங்கிலத்தில் வழிகாட்டுவதற்கும் ஈயத்துக்கும் 'lead' என்ற ஒரே எழுத்துக்கூட்டு என்பதால் நேர்ந்த விபத்து. மலேரியாக்காரருக்கு ஈயம் கொடுத்த அந்த வரியை நான் கவனிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. செடியையும் விட்டுவைக்கவில்லை: சிங்ஹாவுக்கு 'மரிக்கொழுந்து' என்று போட்டிருந்தார்கள். இரண்டும் ஆர்ட்டிமீசியா பேரினந்தான். ஆனால் பூக்கடையில் முழம் போட்டு விற்கும் மரிக்கொழுந்து வேறு இனம், அதைப் பிழிந்து குடித்தால் காய்ச்சல் போகும் என்று யாரும் நம்பிவிடக் கூடாது.

எல்லாவற்றையும் திருத்தி, வேட்பாளர் வந்த பதினேழு இடங்களிலும் கோடு போட்டு 'மருந்தாகு சேர்மம்' என்று எழுதி அனுப்பினேன். அச்சான நூல் வந்தது. பதினாறு இடங்கள் சரியாக இருந்தன. பின்னட்டையில், கொட்டை எழுத்தில், 'மருந்தாகு வேட்பாளர்கள்'.