நீர்வரத்தும் நீர்வறத்தும்

கர்நாடக அணைகளில் திறந்துவிடப்படும் காவிரி நீர், தமிழக எல்லையான பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தால் அளவிடப்பட்ட பின்னரே ஒகேனக்கல்லை வந்தடைகிறது. அங்கே நீர்வரத்து உயர்ந்துவிட்டதென்று தெரிந்ததும் பரிசல் இயக்கத் தடை, அருவியில் குளிக்கத் தடை, கரையோர எச்சரிக்கை எனத் தருமபுரி மாவட்டத்தில் பல வேலைகள் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. அளப்பவருக்கு இந்த வேலைகளைச் செய்பவர் யார் யார் என்பது தெரிந்திருக்க வேண்டியதில்லை. நிரலாளர்கள் 'ஈவென்ட்' (நிகழ்வு) என்று சொல்லும் ஏற்பாடும் இப்படிப்பட்டதுதான்.

இதற்கான நிரலகத்தின் (பிறர் எடுத்துப் பயன்படுத்த எழுதிவைத்த நிரல் தொகுப்பின்) உள்ளே இருப்பது ஓர் அட்டவணை மட்டுமே: ஒரு பக்கம் நிகழ்வின் பெயர், மறுபக்கம் அந்நிகழ்வுக்காகக் காத்திருக்கும் செயல்கூறுகளின், அதாவது அழைத்தால் ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டுகளின், பட்டியல். 'ஆன்' பட்டியலில் சேர்க்கும், 'ஆஃப்' நீக்கும், 'எமிட்' வரிசையாக அழைக்கும். இணையப் பக்கங்களை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் 'மிட்' என்னும் நிரலகம் இவ்வளவையும் சுருக்கிய நிலையில் ஏறக்குறைய 200 பைட்டுக்குள் முடித்துவிடுகிறது. இவ்வளவு சிறியதிலும் ஒரு நுட்பம் உண்டு: அழைக்கப்பட்ட செயல்கூறு அப்போதே தன்னைப் பட்டியலிலிருந்து நீக்கிக்கொண்டால், அடுத்திருப்பது ஓர் இடம் முன்னே நகர்ந்து, அழைக்கப்படாமலே போய்விடும். ஆகவே பட்டியலை முதலில் நகலெடுத்துக்கொண்டு, அந்த நகலில் உள்ளவற்றைத்தான் அழைக்க வேண்டும்.

உண்மையான தொல்லை பெயரில் இருக்கிறது, ஏனெனில் நிகழ்வின் பெயர் வெறும் எழுத்துச்சரம் (எழுத்துகளின் வரிசை). 'நீர்வரத்து' என்று ஒருவர் பதிந்திருக்க, மற்றொருவர் 'நீர்வறத்து' என்று வல்லின றகரம் இட்டு அனுப்பினால் நிரல் பிழை எதுவும் காட்டாது. அப்பெயரில் காத்திருப்பவர் இல்லை என்று பேசாமல் இருந்துவிடும். அனுப்பப்படும் தரவிலும் இதே ஆபத்து உள்ளது. 20000 என்ற எண்ணுக்குப் பதிலாக '20,000' என்ற சரம் வந்து, அது தடைக்கான வரம்பாக நிரலில் வைத்த 15000-ஐ விடப் பெரிதா என்று கேட்டால், இடையிலுள்ள காற்புள்ளியால் அதை எண்ணாக மாற்ற இயலாத ஜாவாஸ்கிரிப்ட் 'இல்லை' என்றே விடை தரும். பரிசல் தடை வராது.

ஜாவாஸ்கிரிப்டோடு தரவின் வகைகளையும் குறிக்க இடம் தரும் மொழியாக மைக்ரோசாஃப்ட் 2012-இல் வெளியிட்ட டைப்ஸ்கிரிப்ட் இங்கேதான் கைகொடுக்கிறது. 'நீர்வரத்து' எண்ணைச் சுமக்கும், 'பரிசல்தடை' ஆம் அல்லது இல்லை என்பதைச் சுமக்கும் என்று ஒருமுறை எழுதிவைத்துவிட்டால், அதில் இல்லாத பெயரையோ பொருந்தாத தரவையோ தட்டச்சு செய்யும்போதே திரையில் சிவப்புக் கோடு விழும். ஜாவாஸ்கிரிப்டாக மாற்றப்படும்போது இந்த வகைக் குறிப்புகள் முழுவதும் அழிக்கப்படுவதால், ஓடும் நிரலில் அவற்றின் எடை ஒரு பைட் கூட இல்லை. பாதுகாப்பும் இலகுத்தன்மையும் ஒன்றாகக் கிடைப்பதன் இரகசியம் இதுவே.

ஆனால் கன அடியும் கன மீட்டரும் டைப்ஸ்கிரிப்டுக்கு எண்கள்தாம். ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 35.3 கன அடி என்பதால் இந்தக் குழப்பம் சிறியதன்று. ஒவ்வோர் அலகுக்கும் தனி முத்திரையிட்ட வகையை உருவாக்கினால்தான் நிரலைச் சோதித்து மாற்றித்தரும் கம்பைலர் அதைப் பிடிக்கும். இணையத்தின் வழியே வரும் தரவை அந்த முத்திரையும் காக்காது, ஏனெனில் அது வந்து சேரும் நேரத்தில் வகைகள் ஏற்கெனவே அழிக்கப்பட்டிருக்கும். அத்தரவு எண்தானா என்று 'எமிட்' செய்வதற்கு முன் சோதிக்கும் இரண்டு வரிகளை நிரலாளர் தம் கையால்தான் எழுதியாக வேண்டும்.