டிக்கியில் நைட்ரஸ் சிலிண்டர்: பொத்தானை அழுத்தாத நேரத்தைக் கவனியுங்கள்

இன்ஜினுக்குக் கூடுதல் ஆக்சிஜன் தந்து சக்தியைக் கூட்டும் நைட்ரஸ் ஆக்சைடு கிட் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை குதிரைத்திறன் கூடும்?" என்பதுதான். அமெரிக்காவில் சாலைக் கார்களுக்குப் பரவலாக விற்கப்படுவது 10 பவுண்டு சிலிண்டர், அதாவது ஏறத்தாழ நாலரைக் கிலோ வாயு. 100 குதிரைத்திறன் கூட்டும் ஜெட் (வாயு பாயும் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளை) போட்டால் பத்து விநாடிக்கு ஒரு பவுண்டுக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகும். கடைசி இரண்டு பவுண்டு அழுத்தம் இறங்கிப்போய் உருப்படியாகப் பயன்படாது. ஒரு முறை நிரப்பினால் பத்து விநாடி ஓட்டம் ஏழெட்டு கிடைக்கும், அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் சிலிண்டர் டிக்கியில் படுத்தபடி வேலைக்கும் மளிகைக் கடைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் உங்களோடு வந்து போகிறது. உடைந்த இன்ஜினோடு பட்டறைக்கு வரும் வண்டிகளில் காரணத்தைத் தேடினால், பெரும்பாலும் அந்த மற்ற நேரத்தில் யாரோ பார்க்காமல் விட்ட ஏதோ ஒன்றில்தான் போய் நிற்கிறது. அதனால் இந்தக் கட்டுரை முழுக்க அந்த நேரத்தைப் பற்றியது.

பேச்சு வசதிக்காக ஒரே ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம்: 1998 முதல் 2002 வரை வந்த கமாரோ, 5.7 லிட்டர் எல்எஸ்1 வி8 இன்ஜின், 100 குதிரைத்திறன் 'வெட்' கிட். வெட் என்றால் நைட்ரஸும் அதற்கு வேண்டிய கூடுதல் பெட்ரோலும் ஒரே நாசில் (பீய்ச்சு முனை) வழியாக உள்ளே போகும். 'டிரை' கிட்டில் நைட்ரஸ் மட்டும் போகும். பெட்ரோலை இன்ஜினில் ஏற்கெனவே உள்ள இன்ஜெக்டர்கள் (பெட்ரோல் தெளிப்பான்கள்) கூட்டித் தர வேண்டும்.

நைட்ரஸ் தானாக எரியாது. அதன் எடையில் 36 சதவீதம் ஆக்சிஜன். காற்றில் 23 சதவீதம்தான். எரிஅறைச் சூட்டில் மூலக்கூறு உடைந்து ஆக்சிஜன் விடுபடும்போது அதற்கு ஈடான பெட்ரோல் அங்கே இருந்தாக வேண்டும். இல்லையென்றால் அந்த ஆக்சிஜன் பிஸ்டனைத் தின்னும்.

அழுத்தமும் சூடும்

சிலிண்டருக்குள் நைட்ரஸ் திரவமாக இருக்கிறது. அதன் அழுத்தத்தை முடிவு செய்வது வெப்பநிலை மட்டுமே. 0 டிகிரி செல்சியஸில் சுமார் 450 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அளவு), 20 டிகிரியில் சுமார் 735, 30 டிகிரியில் 900க்குச் சற்று மேல். ஜெட் அளவுகளை 900 முதல் 950 பிஎஸ்ஐ வரை இருக்கும் என்ற கணக்கில்தான் தயாரிப்பாளர்கள் வகுக்கிறார்கள். நைட்ரஸ் அழுத்தம் ஏறி இறங்கினாலும் பெட்ரோல் அழுத்தம் அப்படியே இருப்பதுதான் சிக்கல். 950க்குப் பதில் 1,150 பிஎஸ்ஐ இருந்தால் நைட்ரஸ் கிட்டத்தட்ட 10 சதவீதம் கூடுதலாகப் பாயும், பெட்ரோல் கூடாது, கலவை லீன் (பெட்ரோல் குறைந்தது) ஆகிவிடும். குளிர்காலக் காலையில் 500 பிஎஸ்ஐயில் அழுத்தினால் நேர்மாறு: கலவை ரிச் (பெட்ரோல் மிகுந்தது) ஆகி, எரியாத பெட்ரோல் இன்டேக்கில் (காற்று உள்ளே போகும் பாதை) தேங்கும், அங்கேயே தீப்பற்றி பேக்ஃபயர் அடிக்கும்.

36.4 டிகிரியைத் தாண்டிவிட்டால் உள்ளே திரவம் என்ற நிலையே இருக்காது. கோடை மதியம் மூடிய டிக்கிக்குள் 50, 60 டிகிரி சாதாரணம். அளவாக நிரப்பிய சிலிண்டர் இதைத் தாங்கும். அளவு என்பது, சிலிண்டர் கொள்ளும் தண்ணீரின் எடையில் 68 சதவீதத்துக்கு மேல் நைட்ரஸ் இருக்கக் கூடாது என்ற அமெரிக்க விதி. 'இன்னும் கொஞ்சம்' என்று அழுத்தி நிரப்பிய சிலிண்டரில் திரவம் விரிய இடம் இருக்காது. அழுத்தம் மடமடவென்று ஏறும். ஏறத்தாழ 3,000 பிஎஸ்ஐயில் வால்வில் உள்ள பாதுகாப்புத் தகடு கிழிந்து, மொத்த வாயுவும் சில விநாடிகளில் வெளியே வரும். நீங்கள் உள்ளே உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருக்கும்போதும் அது நடக்கலாம். கமாரோ போன்ற ஹேட்ச்பேக்கில் டிக்கியும் பயணிகள் இருக்கும் இடமும் ஒன்றுதான். எனவே அந்தத் தகட்டிலிருந்து வண்டிக்கு வெளியே போகும் உலோகக் குழாயைக் கட்டாயம் போடுங்கள். டிராக் ரேஸ் மைதானங்களில் இதைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள்.

ஹீட்டர் போர்வை நல்ல சாதனம்தான், ஆனால் அழுத்த ஸ்விட்ச்சோடு சேர்த்துப் போட்டால் மட்டும். இக்னிஷன் அணைந்தால் ஹீட்டரும் அணையும்படி ரிலே வழியாக இணைக்க வேண்டும். கேஸ் டார்ச்சால் சூடாக்குவதைப் பற்றி ஒரே வார்த்தை: கூடாது. அலுமினிய சிலிண்டர் 177 டிகிரிக்கு மேல் சூடானால் உலோகத்தின் வலு போய்விடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்தச் சிலிண்டரைக் கழித்துக் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

இன்னொன்று. அழுத்தமானியைப் பார்த்து எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். உள்ளே ஒரு கிலோ திரவம் இருந்தாலும் நான்கு கிலோ இருந்தாலும் முள் ஒரே இடத்தில்தான் நிற்கும். காலி எடை சிலிண்டரின் லேபிளிலேயே இருக்கும். தராசில் வைத்துக் கழித்துப் பாருங்கள்.

சிலிண்டரைப் படுக்கவைக்கும் விதமும் முக்கியம். வால்வு வண்டியின் முன்பக்கம், சற்று உயர்த்தி, லேபிள் மேலே பார்க்கும்படி. உள்ளே இருக்கும் உறிஞ்சு குழாய் அப்போதுதான் பின்பக்கக் கீழ்மூலையில் முங்கியிருக்கும். வண்டி பாயும்போது திரவம் அங்கேதான் ஒதுங்கும். திருப்பிப் போட்டால் பாதி ஓட்டத்தில் திரவத்துக்குப் பதில் ஆவி வரும்.

வண்டியை நிறுத்தும்போது

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: சிலிண்டர் வால்வைத் திறந்த நிலையில் வண்டியை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.

நைட்ரஸைத் தடுத்து நிற்பது சோலனாய்டுக்குள் (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு) உள்ள சிறு பிளாஸ்டிக் அடைப்பு, அதன் மேல் ஒரு ஸ்பிரிங். 900 பிஎஸ்ஐ அதன் மேல் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தால் அந்த அடைப்பு நைட்ரஸை உறிஞ்சி உப்பும். மூட்டில் சுற்றிய டெஃப்லான் டேப்பின் ஒரு நூல் வந்து மாட்டினாலும் போதும், கசியத் தொடங்கும். கசியும் வாயு நாசில் வழியாக இன்டேக் மேனிபோல்டில் போய்ச் சேரும். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. எளிதில் கலைந்து போகாது. காலையில் சாவியைத் திருப்பினால் பெட்ரோலும் அதோடு சேரும். எல்எஸ்1 இன்டேக் நைலான் பிளாஸ்டிக்; வெடித்தால் துண்டு துண்டாகப் போகும், பானட்டும் வளையும்.

செய்ய வேண்டியது எளிது. கடைசி ஓட்டம் முடிந்ததும் சிலிண்டர் வால்வைக் கையால் மூடுங்கள். பர்ஜ் வால்வைத் (குழாயைக் காலிசெய்யும் வால்வு) திறந்து, குழாயில் மிச்சமிருப்பதை வண்டிக்கு வெளியே விடுங்கள். குழாயில் உள்ள அழுத்தமானி பூஜ்யத்துக்கு வந்ததைக் கண்ணால் பாருங்கள். அதன்பிறகு ஆர்மிங் ஸ்விட்ச்சை (கிட் முழுவதற்குமான முதன்மை ஸ்விட்ச்) அணையுங்கள்.

கசிவு இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை சோதிக்கலாம். இன்ஜின் ஓடாதபோது, நைட்ரஸ் சோலனாய்டிலிருந்து நாசிலுக்குப் போகும் குழாயைச் சோலனாய்டு முனையில் கழற்றுங்கள். வால்வைத் திறந்து, அந்த வாயின் மேல் சோப்புநீர் தடவுங்கள். குமிழ் எழுந்தால் அடைப்பை மாற்ற வேண்டும். பழுதுபார்க்கும் கிட் தனியாகக் கிடைக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வெளியேறும் நைட்ரஸ் மைனஸ் 88 டிகிரியில் கொதிக்கும் திரவம், தோலில் பட்டால் உறைகாயம்தான். நைட்ரஸ் மூட்டுகளில் கிரீஸோ எண்ணெயோ வேண்டாம். விளிம்பால் அடையும் ஏஎன் மூட்டுகளில் டேப்பும் வேண்டாம். பைப் மரைகளுக்கு டெஃப்லான் பேஸ்ட் போதும்.

வால்வு இரவெல்லாம் திறந்தே இருந்தது என்று காலையில் தெரிந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். முதலில் வால்வை மூடுங்கள். பழைய இன்ஜின்களில் காயில் ஒயரைக் கழற்றினால் போதும். எல்எஸ்1-இல் இன்ஜினின் எட்டு சிலிண்டருக்கும் தனித்தனிக் காயில் என்பதால் காயில், இன்ஜெக்டர் பியூஸ்களை உருவ வேண்டும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி 10 முதல் 15 விநாடி ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டால் தேங்கிய வாயு வெளியேறிவிடும். பிறகு பியூஸைப் போட்டுக் கிளப்பலாம்.

பெட்ரோலும் பொறியும்

கூடுதல் 100 குதிரைத்திறனுக்கு மணிக்கு 30 முதல் 35 லிட்டர் வீதம் கூடுதல் பெட்ரோல் வேண்டும். எல்எஸ்1-இன் பெட்ரோல் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாய்) இயல்பு அழுத்தம் 58 பிஎஸ்ஐ. பல லட்சம் கிலோமீட்டர் ஓடிய பம்ப், அடைத்த ஃபில்டர், 12 வோல்ட்டுக்கு இறங்கும் பேட்டரி, இவற்றில் ஒன்று போதும், முழு ஓட்டத்தில் அது 45க்குச் சரிய. அதனால்தான் பெட்ரோல் அழுத்தம் 50க்குக் கீழே போனால் நைட்ரஸை வெட்டும் பாதுகாப்பு ஸ்விட்ச்சைப் போடச் சொல்கிறோம். கிட்டின் விலையோடு ஒப்பிட்டால் சில்லறைச் செலவு.

அடுத்தது ஆர்பிஎம் விண்டோ ஸ்விட்ச்: இன்ஜின் வேகம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) இரண்டு எல்லைகளுக்குள் இருந்தால் மட்டும் நைட்ரஸை விடுவது. 3,000க்குக் கீழே நைட்ரஸ் போனால் பிஸ்டன் மெதுவாக நகரும்போதே அழுத்தம் எகிறும். கனெக்டிங் ராட் வளையும். மேல் எல்லை அதைவிட முக்கியம். இன்ஜின் ரெவ் லிமிட்டரைத் தொட்டதும் கம்ப்யூட்டர் இன்ஜெக்டர்களை நிறுத்திவிடும். நைட்ரஸோ பாய்ந்துகொண்டே இருக்கும். அந்தக் கால் விநாடிதான் பிஸ்டனில் ஓட்டை போடுகிறது. லிமிட்டர் 6,200 என்றால் விண்டோவை 5,900-க்குள் முடித்துவிடுங்கள். த்ராட்டில் முழுக்கத் திறந்தால் மட்டும் வேலை செய்யும் ஸ்விட்ச்சும் இதே சுற்றில் இருக்க வேண்டும். சோலனாய்டு இழுக்கும் மின்சாரம் பெரிது. பொத்தான் வழியாக நேராகக் கொடுக்காமல் ரிலே, பியூஸ் வழியாகக் கொடுங்கள்.

இக்னிஷன் டைமிங்கை (பொறி விழும் நேரம்) 50 குதிரைத்திறனுக்கு 2 டிகிரி என்ற கணக்கில் பின்வாங்குங்கள். நம் கணக்குக்கு 4 டிகிரி. பெட்ரோல் அமெரிக்க பம்பில் 93 ஆக்டேன் வேண்டும். இந்தியாவில் ஆக்டேனை எழுதும் ஆர்ஓஎன் அளவில் அது ஏறத்தாழ 98. இந்திய பம்பில் 91 என்று போட்டிருக்கும் பெட்ரோல் அமெரிக்க 91-க்குச் சமம் அல்ல, அதைவிடக் குறைவு. பிளக் ஒரு படி குளிர்ந்தது வேண்டும்: என்ஜிகே டிஆர்55 இருந்த இடத்தில் டிஆர்6, இடைவெளி 0.035 அங்குலம்.

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பிளக்கைக் கழற்றிப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். வெள்ளைப் பீங்கானின் மேல் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் இருந்தால் இன்ஜின் நாக் ஆகியிருக்கிறது, அதாவது கலவை கட்டுப்பாடில்லாமல் வெடித்திருக்கிறது. அந்தப் புள்ளிகளிடையே வெள்ளியாகப் பளிச்சிட்டால் அது உங்கள் பிஸ்டனின் அலுமினியம். மேலே வளைந்து நிற்கும் உலோகப் பட்டையில் நிறம் மாறிய கோடு வளைவுக்கு அருகே இருந்தால் டைமிங் சரி. மரையை நோக்கி அடிவரை இறங்கியிருந்தால் டைமிங் அதிகம், அதாவது பொறி சீக்கிரமே விழுகிறது. காதுக்கு எட்டாததை பிளக் காட்டிவிடும்.

தொழிற்சாலை பிஸ்டனோடு 100க்கு மேல் ஆசைப்பட வேண்டாம். பிஸ்டனைச் சுற்றியுள்ள உலோக வளையமான ரிங்கின் இரு முனைகளுக்கிடையே உள்ள இடைவெளி நைட்ரஸ் சூட்டுக்காக வைத்தது அல்ல. ரிங் விரிந்து முனைகள் முட்டினால் பிஸ்டனின் ரிங் பள்ளம் உடைந்து வரும். எல்எஸ்1-இன் 3.898 அங்குல போருக்கு (சிலிண்டர் துளையின் விட்டம்) நைட்ரஸ் இன்ஜினில் மேல் ரிங்குக்கு சுமார் 0.020 அங்குலம் விடுவார்கள்.

மூச்சும் சட்டமும்

வண்டிக்கான நைட்ரஸில் யாரும் முகராமல் இருக்கச் சுமார் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் நூறு பங்கு) கந்தக டையாக்சைடு கலக்கிறார்கள். காருக்குள் அந்த நெடி வந்தால் கண்ணாடியை இறக்கி, ஓரம் கட்டி, இறங்கிவிடுங்கள். மூடிய இடத்தில் நைட்ரஸ் ஆக்சிஜனை விலக்கும். மயக்கம் முன்னறிவிப்பில்லாமல் வரும். போதைக்காகத் தொடர்ந்து முகர்வோருக்கு உடலின் பி12 வைட்டமின் செயலிழந்து தண்டுவடம் பாதிக்கிறது, நடை தள்ளாடுகிறது. பிரிட்டன் இதற்காகவே 2023 நவம்பரில் அதைத் தடை செய்யப்பட்ட சி வகுப்புப் போதைப்பொருளாக்கியது. வீட்டில் பதின்வயதுப் பிள்ளைகள் இருந்தால் சிலிண்டரைப் பூட்டி வையுங்கள்.

பொதுச்சாலையில் வால்வைத் திறக்கவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. அது டிராக் ரேஸ் மைதானத்தில் திறக்க வேண்டியது. சட்டமும் பல இடங்களில் அப்படித்தான். தமிழர்கள் நிறைய வாழும் டொராண்டோ அமைந்த ஒண்டாரியோவில், சிலிண்டர் இணைக்கப்பட்ட நிலையில் சாலையில் ஓட்டுவதே குற்றம். இணைப்புமுனை கண்ணுக்குத் தெரியும்படியும் இருக்க வேண்டும். கலிபோர்னியாவில் காற்று வள வாரியத்தின் விலக்கு எண் பெற்ற கிட் மட்டுமே சாலை வண்டியில் செல்லும். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள தயாரிப்பாளரின் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எந்த நாடானாலும் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் விட்டால், நைட்ரஸுக்குச் சம்பந்தமே இல்லாத விபத்திலும் இழப்பீட்டை மறுக்க அது ஒரு சாக்காகும்.

பழைய சிலிண்டர் வாங்குகிறீர்கள் என்றால் தோள்பகுதியில் குத்தியிருக்கும் எழுத்துகளைப் படியுங்கள். அலுமினிய சிலிண்டருக்கான குறியான 3ஏஎல் 1800 என்று இருக்க வேண்டும், அருகில் சோதித்த மாதமும் ஆண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை கட்டாயம். தேதி கடந்ததை முறையான கடைகள் நிரப்பித் தரமாட்டார்கள். பெயின்ட் கொப்பளித்திருந்தாலோ, புதிதாகப் பெயின்ட் அடித்து எழுத்துகள் மறைந்திருந்தாலோ, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.