“வயசு போனா அப்படித்தான்”

மலையக வைத்தியசாலை வாட்டுகளில் முதியவர்களைப் பற்றி அடிக்கடி காதில் விழும் வசனம் இது. தாதிய மாணவி முதல் வருடத்திலேயே இதைப் பழகிக்கொள்கிறாள். பழகிவிட்டால், குணப்படுத்தக்கூடிய நோய் அவள் கண்ணெதிரே தப்பிவிடும்.

முதியோர் மீதான மனப்பாங்கை அளக்க 1961இல் அமெரிக்க உளவியலாளர் நேத்தன் கோகன் 34 வாசகங்கள் கொண்ட வினாக்கொத்தை வெளியிட்டார். தாதியக் கல்வி ஆய்வுகளில் இன்றும் பயன்படுகிறது. 17 வாசகங்கள் முதியோரை உயர்த்தியும் 17 தாழ்த்தியும் பேசும். எல்லாவற்றுக்கும் தலையாட்டுபவர் இதில் பிடிபடுவார். ஆனால் தாளில் நல்ல புள்ளி எடுத்தவர் கட்டிலருகே என்ன செய்வார் என்பதை அது சொல்லாது.

கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற ஒரு பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நேற்றுவரை தானே சோறு பிசைந்து சாப்பிட்டவர், இன்று கண்மூடிக் கிடக்கிறார். கேட்டதற்கு வேறெதையோ சொல்கிறார். சத்தம் போடாததால் ‘கரைச்சல் இல்லாத நோயாளி’. இது பெரும்பாலும் டெலிரியம் எனும் திடீர் மனக்குழப்பம். மறதி நோய் மாதங்களில், வருடங்களில் வளரும். இதுவோ மணித்தியாலங்களில் வந்து, கூடிக் குறையும்.

முதலில் கூட வந்தவரிடம், “முந்தாநாள் எப்படி இருந்தாங்க?” என்று கேட்க வேண்டும். அடுத்து, பாட்டியைக் கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். பள்ளிக்கூடம் போகாதவரிடம் திகதி கேட்பது நியாயமான சோதனையல்ல. சிங்களத்தில் கேட்டு வந்த தப்பான பதிலும் மூளையின் தவறல்ல.

பிறகு காரணம். முதுமையில் நியுமோனியா காய்ச்சலே இல்லாமல் வரலாம். இரத்தத்தில் ஒட்சிசன், சீனி இரண்டையும் பாருங்கள். அடிவயிறு உப்பியிருந்தால் சிறுநீர் தேங்கியிருக்கலாம். மலம் கழித்து எத்தனை நாள்? சளிக்குக் கொடுத்த குளோர்பெனிரமைன் குளிசையும் குழப்பும். உடலில் நீர் குறைந்தாலும் குழப்பம் வரும்; வயதாக ஆகத் தாகம் மந்தமாகும். குளிரில் கழிப்பறைக்கு எழும்பப் பயந்து வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காதவர்களும் உண்டு.

காதையும் மறக்காதீர்கள். முதுமையில் முதலில் மங்குவது உயர்ந்த சுருதி ஒலிகள். உயிரெழுத்து கேட்கும், ச, ட, ப போன்ற மெய்கள் நழுவும். “சளி இருக்கா?” என்றால் “வலி இருக்கா?” என்று விழலாம். கத்தினால் குரலின் சுருதி ஏறும், தெளிவு கூடாது. முகத்துக்கு நேரே உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் ஒரு கேள்வி மட்டும் கேட்டு, பத்து விநாடி பொறுங்கள்.

படுத்த படுக்கையான முதியவர்களை மட்டுமே பார்க்கும் மாணவிக்கு முதுமை என்றாலே படுக்கைதான் என்று படும். காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்து, அதே பாட்டி மறுபடி சோறு பிசைவதைப் பொறுப்புத் தாதி அவளை அழைத்துக் காட்ட வேண்டும். அந்த வசனம் அங்கேதான் வாயிலிருந்து போகிறது.