ஆட்டுத்தோல் ஏன் அழுகுது, பட்டைத் தண்ணி அதை எப்பிடி நிப்பாட்டுது

தீபாவளிக்கு நாலைஞ்சு வீடு சேந்து கிடாய் அடிச்சுப் பங்கு போடேக்க இறைச்சி, குடல், தலை, கால் எல்லாத்துக்கும் ஆள் இருக்கு, தோலுக்கு மட்டும் ஆள் இல்லை. கிடங்கு வெட்டித் தாட்டுவிடுவினம், இல்லாட்டி நாய் இழுத்துக்கொண்டு போகும். வன்னி வெயிலுக்கு மத்தியானத்துக்குள்ளயே மணக்கத் தொடங்கிடும் எண்டதால ஆரும் மினக்கெடுறேல்லை.

பச்சைத் தோலில மூண்டில ரெண்டு பங்கு கிட்டத் தண்ணிதான். மிச்சத்தில பெரும்பகுதி கொலாஜன் எண்ட புரதம், மூண்டு சங்கிலி கயித்துப் புரி மாதிரி முறுகிக் கிடக்கும். இந்த மூண்டு புரிக் கதையை 1954இல சொன்னவை சென்னைப் பல்கலைக்கழகத்தில இருந்த ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். ஈரமும் சூடும் இருந்தா பற்றீரியாவுக்கு இது விருந்து. மயிர்க்கால் பக்கம் கெதியா உக்கும், அதால பழுதாப்போன தோலில மயிரைப் பிடிச்சு இழுத்தா கொத்தாக் கையோட வரும். அப்பிடி வந்தா அந்தத் தோலை விட்டிடுங்கோ, பிறகு என்ன செய்தும் மீட்கேலாது.

தகரக் கூரையில விரிச்சுக் காயப்போடுறது பிழையான வேலை. பச்சை ஈரக் கொலாஜன் 60, 65 பாகை செல்சியஸில சுருங்கிப் பசையாகத் தொடங்கும், உச்சி வெயிலில தகரம் அந்தச் சூட்டுக்குப் போகும். மேல்பக்கம் கெதியா இறுகி உள்ளீரம் வெளிய வரேலாமல் நடுவில அழுகிறதும் உண்டு. அதுக்குப் பதிலா ஒட்டியிருக்கிற இறைச்சி, கொழுப்பு, சவ்வு எல்லாத்தையும் வழிச்செடுத்துப்போட்டு தோல் நிறையில அரைவாசிக்குக் குறையாமல் உப்பை உள்பக்கம் தேய்ச்சு, தண்ணி வடிய நிழலில சரிவா வையுங்கோ. ஆனையிறவு உப்பு நல்லாப் போதும், கட்டியா இருந்தா இடிச்சுப் போடுங்கோ. ஆனா ஒருக்காப் பாவிச்ச உப்பைத் திரும்பப் பாவிக்க வேண்டாம், உப்புக்குள்ளயே வாழுற நுண்ணுயிரும் இருக்கு, உப்பளப் பாத்தியைச் செந்நிறமாக்கிற அந்தச் சாதிதான் உப்புப் போட்ட தோலிலயும் சிவப்புப் படையாப் பிடிக்கும்.

அடுத்தது புளித்தண்ணி. ஒரு லீற்றர் வினாகிரிக்கு ஒரு லீற்றர் தண்ணி, கால் கிலோ உப்பு, பிளாஸ்ரிக் வாளியில ரெண்டு மூண்டு நாள், இடைக்கிடை பிரட்டிவிட்டு. புளிப்பை அளக்கிற பீஎச் பேப்பரில 3க்குக் கீழ நிக்கவேணும். இதுக்குள்ள உப்பு ஏன் எண்டு கேட்டா, அமிலம் பட்டதும் கொலாஜன் சங்கிலியள் எல்லாத்திலயும் ஒரேமாதிரி நேர் மின்னேற்றம் ஏறி ஒண்டையொண்டு தள்ளும், அந்த இடைவெளிக்குள்ள தண்ணி பாய்ஞ்சு தோல் ஊதிக் கொழகொழத்திடும், வெளியில உப்புச் செறிவு கூட நிண்டா அந்தத் தண்ணி உள்ள வராது. அதாலதான் ஊறின தோலை எடுத்து வெறுந்தண்ணியில அலசக்கூடாது. நியூசிலாந்தில இருந்து செம்மறித்தோல் இப்பிடி அமிலத்தில ஊறின ஈரத்தோடையே கப்பலேறுது, அவ்வளவு காலம் நிக்கும், எண்டாலும் பூஞ்சணம் பிடிக்கலாம், கவனம்.

ஆனா இவ்வளவு செய்தும் அது இன்னும் பதப்படாத பச்சைத் தோல்தான். உப்பைக் கழுவினா, அமிலத்தை முறிச்சா பழையபடி அழுகும். பறைக்குக் கட்டுற தோலும் பதப்படுத்தாத காய்ஞ்ச தோல்தான், மழை ஈரத்துக்குத் தொய்ஞ்சுபோறதாலதான் நெருப்பில காட்டி இறுக்கிறவை. கிணத்துத் தண்ணி தெளியப் போடுற சீனாக்காரத்தாலயும் வெள்ளையா மெத்தெண்டு தோல் வரும், தண்ணியில நனைஞ்சா அதுவும் கழண்டுபோகும்.

உண்மையான மாற்றம் பட்டையிலதான். ஆவரசம் பட்டையை அவிச்சு ஆறவிட்டு வடிச்ச தண்ணியில இருக்கிற தனின் எண்ட துவர்ப்புப் பொருள், கொலாஜன் சங்கிலியளுக்கு இடையில போய் அதுகளைக் கட்டிப்போடும், தண்ணி இருந்த இடத்தில இது இருக்கும், பற்றீரியாவுக்கும் கடிக்க வழியில்லை. அதுக்கு முதல் உப்புத்தண்ணியில அப்பச்சோடா கொஞ்சம் கொஞ்சமாப் போட்டுப் புளிப்பைக் குறைக்கவேணும், இல்லாட்டித் தனின் மேல்பக்கத்தில மட்டும் ஒரேயடியாப் பிடிச்சு உள்ள போற வழியை அடைச்சிடும். அவசரப்பட்டு முதல் நாளே கடும் பட்டைத் தண்ணி விட்டாலும் அதேதான் நடக்கும், மெல்லிசாத் தொடங்கி நாளுக்கு நாள் கூட்டுங்கோ. இரும்புச் சட்டி வேண்டாம், தனினும் இரும்பும் சேந்தா தோல் கறுத்துப்போகும்.

முடிஞ்சுதோ எண்டு பாக்கிறதுக்கு கழுத்துப் பக்கத்தில, அங்கதான் தடிப்பு, சின்னத் துண்டு வெட்டி வெட்டுவாயைப் பாருங்கோ. நடுவில வெள்ளைக்கோடு தெரிஞ்சா இன்னும் ஊறவேணும். முழுக்க ஒரே மண்ணிறமா வந்தபிறகு அலசி, அரை ஈரத்தில எண்ணெய் பூசி, காயக் காயக் கையால இழுத்து இழுத்துவிடுங்கோ, நார் ஒண்டோடொண்டு ஒட்டாமல் இருந்தாத்தான் தோல் மடியும். மிஞ்சின உப்புத்தண்ணியை மட்டும் கிணத்தடியிலயோ தோட்டத்துக்கோ ஊத்திப்போடாதேங்கோ.